தடா கடைவீதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: புதுப் பாட்டு, சயின்ஸ் ஃபிக்‌ஷன் படம்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திர ஊரான தடாவில் ஆடியோ கடை வைத்திருப்பவனிடம் ஆம்ப்ளிஃபயர் விலை கேட்பவர்கள் குறைவு. பாட்டு எப்படி, படம் எப்படி என்று கேட்பவர்கள்தான் அதிகம். ஸ்பீக்கரைச் சோதித்துக் காட்ட எந்நேரமும் ஏதாவது புதுப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்துச் சூலூர்பேட்டையில் ஊரளவு பெரிய திரை. அதையும் தாண்டிப் போனால் ராக்கெட் கிளம்புகிற ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. கேட்க மாட்டார்களா பின்னே? வருகிறவர்களில் பாதிப் பேர் ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆட்கள். மீதிப் பேர் வீட்டில் தமிழும் கடைவீதியில் தெலுங்கும் பேசுகிற உள்ளூர்த் தமிழர்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை மட்டும் இங்கே எழுதுகிறேன். எல்லாம் என் சொந்த அபிப்பிராயம். ஒத்துவராதவர்கள் கடைக்கு வந்து சண்டை போடலாம், டீ என் செலவு.

பாட்டு வந்த அன்றைக்கே செம, மொக்கை என்று தீர்ப்பு சொல்லிவிடலாமா?

சொல்லலாம். எதில் கேட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். போன் ஸ்பீக்கரில் குரலும் கைதட்டலும் மட்டும்தான் வரும். உள்ளங்கையில் அடங்குகிற ப்ளூடூத் ஸ்பீக்கரில் நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது கனத்த அடிச்சத்தம், பெரிதாக ஒன்றும் கேட்காது. தவிலின் தொப்பிப் பக்கம், பேஸ் கிட்டார், கிக் டிரம் எல்லாம் குடியிருப்பது அங்கேதான். ஒரு பாட்டின் பாதியை மட்டும் கேட்டுவிட்டு "பாட்டுல ஒண்ணுமே இல்ல அண்ணா" என்று வருகிறவர்களை என்ன செய்வது? காரில் உட்கார வைத்து அதே பாட்டைப் போட்டுக் காட்டுவேன். சில பேர் மனசு மாறும், சில பேர் அந்த அடிச்சத்தத்துக்கான வூஃபர் ஸ்பீக்கரின் விலை கேட்பார்கள்.

இன்னொன்று, சில பாட்டுகள் உடனே பிடித்துக்கொள்ளும், சில பாட்டுகளுக்கு நாள் ஆகும். 'ரெட்ரோ' (2025) படத்தில் சந்தோஷ் நாராயணனின் 'கனிமா' வந்த வாரமே கல்யாண மண்டபங்களில் ஏறிவிட்டது. அதே படத்தின் 'கண்ணாடிப் பூவே' மெதுவாகத்தான் உள்ளே இறங்கியது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் நல்ல பாட்டு. முதலாவது நல்ல கொண்டாட்டம்.

'முத்த மழை': தீயா, சின்மயியா?

கடையில் அதிகம் சண்டை நடந்தது இதற்குத்தான். விஷயம் தெரியாதவர்களுக்கு: 'தக் லைஃப்' (2025) படத்துக்கு ஏ.ஆர். ரஹ்மான் போட்ட பாட்டு இது. தமிழ்ப் பதிவில் பாடியவர் தீ. தெலுங்கிலும் இந்தியிலும் பாடியவர் சின்மயி. சென்னையில் நடந்த பாடல் வெளியீட்டு விழா மேடையில் தீ இல்லாததால் சின்மயி தமிழிலேயே பாடினார். அந்த ஒரு வீடியோ ஊரையே இரண்டாகப் பிரித்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் இந்தச் சண்டைக்கு ஒரு தனி அழகு உண்டு. தெலுங்குப் பாட்டு கேட்கிறவர்களுக்கு முதல் நாளிலிருந்தே அது சின்மயி பாட்டுதான். "இதுல என்ன அதிசயம், எங்களுக்கு எப்பவும் இப்படித்தானே இருக்கு" என்று அவர்கள் கேட்க, தமிழ் மட்டும் கேட்டவர்கள் திருதிருவென்று விழித்தார்கள்.

என் ஓட்டு? மேடையில் சின்மயி பாடியது நெஞ்சை நேராகத் தொடுகிறது. சங்கதிகள் சுத்தம், தமிழ் உச்சரிப்பு கண்ணாடி மாதிரி. ஆனால் நேரடி மேடைப் பாட்டில் கூட்டத்தின் சூடும் சேர்ந்துதான் நம் காதுக்கு வருகிறது, அதை ஸ்டுடியோ பதிவோடு ஒப்பிடுவது அநியாயம். தீயின் குரலில் ஒரு கரகரப்பும் விலகலும் உண்டு. ராத்திரி பதினொரு மணிக்கு ஹெட்போனில் கேட்டால் அந்த விலகல்தான் பாட்டுக்கே அர்த்தம் கொடுக்கிறது. பகலில் சின்மயி, ராத்திரியில் தீ என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு கட்சியும் என்னைத் திட்டுகிறது.

அனிருத் பாட்டெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே?

பாட்டுகள் சில ஒரே வார்ப்புதான், மறுக்கவில்லை. 'ஜெயிலர்' (2023) படத்துக்கு 'காவாலா' என்றால் 'கூலி'க்கு (2025) 'மோனிகா'. இடம், வேலை, ஆட்டம் எல்லாம் ஒன்றே. ஆனால் அவருடைய சாமர்த்தியம் பின்னணி இசையில். கதாநாயகன் நடந்து வருவதற்கு அவர் போடும் அடியைத் தியேட்டரில் கேட்டால் நாற்காலிக்கு உயிர் வந்துவிடும். 'கூலி'யில் டி. ராஜேந்தரைக் கூப்பிட்டு வந்து 'சிக்கிட்டு' பாட வைத்ததற்காகவே அவருக்கு ஒரு மாலை போடலாம். தெலுங்கு 'தேவரா'வின் 'சுட்டமல்லே' இங்கே தமிழ் வீடுகளிலும் தெலுங்கிலேயே ஓடியது. தமிழ் வடிவம் ஒன்று இருப்பதே பல பேருக்குத் தெரியவில்லை.

சாய் அபயங்கர் நிலைப்பாரா?

இளம் இசையமைப்பாளர், பாடகர்கள் திப்பு, ஹரிணியின் மகன். 2024ல் 'கட்சி சேர', 'ஆச கூட' என்று படமே இல்லாமல் இரண்டு பாட்டு விட்டுப் பெயர் வாங்கினார். அப்புறம் 2025ல் மலையாளத்தில் 'பல்டி', தமிழில் 'டியூட்'. காது இருக்கிறது, மெட்டு இருக்கிறது. ஒரு முழுநீளப் படத்தின் பின்னணி இசையைத் தூக்கி நிறுத்துவதுதான் பரீட்சை. பொறுத்துப் பார்ப்போம்.

புதுப் படத்தில் பழைய பாட்டைப் போட்டுக் கைதட்டல் வாங்குவது சரியா?

யார் போடுகிறார்கள், எதற்குப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. 'மஞ்சும்மல் பாய்ஸ்' (2024) படத்தில் 'கண்மணி அன்போடு காதலன்' வருவதற்குக் கதைக்குள்ளேயே காரணம் இருக்கிறது. பையன் விழுந்தது 'குணா' (1991) எடுத்த அதே கொடைக்கானல் குகைக்குள். பாட்டு அங்கே சொந்த வீட்டுக்குத் திரும்பி வருகிறது. மற்றபடி, சண்டைக் காட்சிக்கு நடுவில் திடீரென்று எண்பதுகளின் பாட்டு ஒன்றைத் தூவினால் நானும் விசில் அடிப்பேன்தான். வீட்டுக்கு வந்த பிறகு மனசில் நிற்பது பழைய பாட்டு, புதுப் படம் இல்லை. உரிமை விஷயத்தில் இளையராஜா நோட்டீஸ் அனுப்புவதைக் கிண்டல் செய்கிறவர்களிடம் ஒன்றுதான் கேட்பேன்: உங்கள் கடைச் சரக்கைப் பக்கத்துக் கடைக்காரன் எடுத்து விற்றால் சும்மா இருப்பீர்களா?

சூலூர்பேட்டைப் பெரிய திரையில் எந்த மாதிரிப் படம் பார்க்கலாம்?

வி எபிக் என்ற அந்தத் தியேட்டர் 2019 ஆகஸ்டில் 'சாஹோ' படத்தோடு திறந்தது. திரையின் அகலம் நூறு அடிக்கு மேல். எபிக் என்பது சென்னை க்யூப் நிறுவனத்தின் பெரிய திரை வடிவம். சென்னையிலிருந்து மெமு ரயில் பிடித்தே படம் பார்க்க வருகிற ஆட்கள் இருக்கிறார்கள். என்ன மொழியில் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள், பெரும்பாலும் தெலுங்குதான். இந்தக் கரையில் வளர்ந்தவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. சென்னையிலிருந்து மாமியாரை அழைத்துக்கொண்டு வருகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

சயின்ஸ் ஃபிக்‌ஷனுக்கு அந்தத் திரை நூறு சதவீதம் நியாயம் செய்யும். பாலைவனம், விண்வெளி, பெரிய நகரம் என்று கண்ணை ஓடவிட்டுப் பார்க்கிற படம் எதுவும் அங்கே பார்க்கத் தக்கது. நாலு பேர் ஒரு அறைக்குள் உட்கார்ந்து பேசுகிற படத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். முன் வரிசை வேண்டவே வேண்டாம், கழுத்து போய்விடும். நடுவுக்குக் கொஞ்சம் பின்னால் எடுங்கள்.

ராக்கெட்டை நேரில் பார்க்கிற ஊர்க்காரர்களுக்குச் சினிமா ராக்கெட் எப்படி இருக்கும்?

சிரிப்பு வரும். நிஜ ராக்கெட் கிளம்புவதை ஒருமுறை மொட்டை மாடியிலிருந்து பார்த்தவர்களுக்கு இரண்டு விஷயம் உடனே உறுத்தும்.

முதலாவது, சத்தம். சூலூர்பேட்டையிலிருந்து ஏவுதளம் நேர்க்கோட்டில் இருபது கிலோமீட்டருக்கு மேல். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று வினாடி எடுக்கும். ஆகவே நெருப்பு கிளம்புவது முதலில் தெரியும், சத்தமே இருக்காது. ஊமைப்படம் மாதிரி அது மேலே ஏறிக்கொண்டே இருக்கும். மாடியில் நிற்கிற பிள்ளைகள் கத்துவது மட்டும் கேட்கும். ஒரு நிமிஷம் தாண்டித்தான் அந்த உறுமல் வந்து சேரும். அப்போது ராக்கெட் எங்கோ போயிருக்கும். அந்த உறுமலும் ஒரே சீராக வராது, துணியைக் கிழிப்பது மாதிரி படபடவென்று வெடித்து வெடித்து வரும். இஸ்ரோவின் பெரிய ராக்கெட்டான எல்.வி.எம்.3 போகும்போது கடை ஷட்டர் லேசாக அதிரும். சினிமாவில் தூரத்து மலைமேல் நின்று கதாநாயகி பார்க்கிறாள், நெருப்பு தெரிந்த அதே நொடியில் டமார் என்று சத்தம். எங்கள் ஊர்த் தியேட்டரில் இதற்குச் சின்னப் பையன்கள்கூடச் சிரிப்பார்கள்.

இரண்டாவது, வேகம். படங்களில் ராக்கெட் தயங்கித் தயங்கி, கோபுரத்தைத் தடவிக்கொண்டு மேலே போகும். அது அமெரிக்காவின் பழைய சந்திர ராக்கெட் சாட்டர்ன் போன விதம், அதற்குத் திரவ எரிபொருள். நம் பி.எஸ்.எல்.வி.யின் முதல் நிலையில் இருப்பது திட எரிபொருள். பற்றிய உடனே சட்டென்று கிளம்பிவிடும். எல்.வி.எம்.3க்கும் தரையிலிருந்து தூக்கிவிடுவது பக்கவாட்டில் இருக்கும் இரண்டு திட எரிபொருள் பூஸ்டர்கள்தான். நடுவில் இருக்கும் திரவ எஞ்சின் ஆகாயத்தில் போன பிறகுதான் பற்றவைக்கப்படுகிறது. இதையெல்லாம் ஒரு தமிழ்ப் படம் சரியாகக் காட்டினால் எங்கள் ஊரில் நூறு நாள் ஓடும்.

நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: ஸ்ரீஹரிகோட்டாவில் பொதுமக்களுக்கான பார்வையாளர் மாடம் 2019லிருந்து இருக்கிறது. ஆன்லைனில் முன்பதிவு செய்யவேண்டும். சந்திரயான்-3 கிளம்பிய 2023 ஜூலை 14 அன்று மத்தியானம் 2:35க்கு எங்கள் பக்கத்தில் மாடி இருந்த வீட்டுக்கெல்லாம் விருந்தாளிகள்.

விண்வெளியில் சத்தமே கிடையாது என்கிறார்களே, அப்படியென்றால் படத்தில் வெடிச்சத்தம் தப்பா?

காற்று இல்லாத இடத்தில் ஒலி போகாது, அது நிஜம். 1968ல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' இதை மதித்து விண்வெளிக் காட்சிகளில் மூச்சுச் சத்தத்தையும் மௌனத்தையும் வைத்தது. 'கிராவிட்டி' (2013) இன்னும் தந்திரமாக, கையால் தொட்ட பொருளின் அதிர்வை மட்டும் கேட்க வைத்து மற்றதை இசையிடம் விட்டது. தப்பா, சரியா என்று நான் பார்ப்பதில்லை. படம் முதலிலேயே எந்த விதியைச் சொன்னதோ அதைக் கடைசிவரை காப்பாற்றுகிறதா என்றுதான் பார்ப்பேன். சயின்ஸ் ஃபிக்‌ஷன் படத்துக்கு ஒரே ஒரு பொய் இலவசம். டைம் மெஷின் இருக்கிறது என்று சொல், நம்புகிறேன். இடைவேளைக்கு அப்புறம் உன் வசதிக்கு இரண்டாவது பொய் சொன்னால் எழுந்து பாப்கார்ன் வாங்கப் போய்விடுவேன்.

அப்படியானால் தமிழில் நல்ல டைம் டிராவல் படம் எது?

'இன்று நேற்று நாளை' (2015). இன்றைக்கும் அதுதான் என் முதல் தேர்வு. 2065லிருந்து ஒரு இயந்திரம் நம் காலத்தில் வந்து விழுகிறது. கையில் கிடைத்தவர்கள் உலகத்தையா காப்பாற்றினார்கள்? தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற ஜோசியத் தொழில் ஆரம்பித்தார்கள்! நம்ம ஊர் ஆள் கையில் டைம் மெஷின் கிடைத்தால் முதலில் செய்யக்கூடிய வேலை அதுதான், அதனால்தான் படம் நம்பும்படி இருக்கிறது. அப்புறம் போன இடத்தில் செய்த ஒரு சின்னத் தப்பினால் சாக வேண்டிய ரவுடி பிழைத்துக்கொள்கிறான், மொத்தப் படமும் அந்தக் கடனை அடைப்பதில் போகிறது. இயக்குநர் ரவிக்குமார் தன் விதியை எங்கேயும் ஏமாற்றவில்லை.

அடுத்தது 'மாநாடு' (2021). ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிற கதை. அந்த வகை வெளிநாட்டில் நிறைய வந்துவிட்டது. இங்கே புதுசு என்னவென்றால் வில்லனும் அந்தச் சுழலுக்குள் வந்துவிடுவது. எஸ்.ஜே. சூர்யா எரிச்சலில் கொதிக்கக் கொதிக்க, யுவன் சங்கர் ராஜாவின் பின்னணி இசை ஒவ்வொரு சுற்றுக்கும் சூட்டை ஏற்றிக்கொண்டே போகும். அடுத்த ரவுண்டு ஆரம்பித்துவிட்டது என்று படம் நமக்குச் சொல்வதற்கு முன் இசை சொல்லிவிடும். சொந்தமாக வீட்டில் ஒரு வூஃபர் இருந்தால் இந்தப் படத்தை இன்னொரு தடவை பாருங்கள்.

சூர்யாவின் '24' (2016) அழகான படம், கைக்கடிகாரத்துக்குள் டைம் மெஷின். கொஞ்சம் நீளம். 'மார்க் ஆண்டனி'யில் (2023) போனில் பேசியே காலத்தை மாற்றுவார்கள். அறிவியலைத் தேடாதீர்கள், கலாட்டாவைப் பாருங்கள்.

'கணம்' (2022) பார்க்காதவர்கள் நிறைய இருக்கிறார்கள். தமிழ், தெலுங்கு இரண்டிலும் எடுத்த படம். இறந்துபோன அம்மாவைக் காப்பாற்ற 1998க்குப் போகிற மகன். அம்மா அமலா. விஞ்ஞானி நாசர். படத்தில் பெரிய செலவு இல்லை, பெரிய இயந்திரம் இல்லை. அம்மா கையால் இன்னொரு தடவை சாப்பிடுவதற்கு முன்னால் குவாண்டமாவது கின்டமாவது. இசை ஜேக்ஸ் பிஜாய், பிற்பாடு 2025ல் மலையாளத்தில் 'லோகா' படத்துக்கு இசை போட்டாரே, அவரேதான்.

'2.0' படத்தில் சொன்ன மாதிரி செல்போன் டவரால் பறவை சாகுமா?

பழவேற்காடு ஏரிக்கரையில் இருந்துகொண்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. 2018ல் வந்த அந்தப் படத்தில் பக்‌ஷிராஜன் என்ற பறவை ஆர்வலர், டவர் கதிர்வீச்சு பறவைகளைக் கொல்கிறது என்று போராடி, தோற்று, ஆவியாக வந்து எல்லார் போனையும் பிடுங்குவார். பட வெளியீட்டுக்கு முன்னாலேயே செல்போன் நிறுவனங்களின் சங்கம் தணிக்கைக் குழுவிடம் புகார் கொடுத்தது.

அறிவியல் பக்கம் பார்த்தால், டவர் அலைகளால் பறவைகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததாக நிரூபணம் இல்லை. வலசைப் பறவைகளின் திசை உணர்வை ரேடியோ இரைச்சல் குழப்பக்கூடும் என்று ஐரோப்பாவில் ராபின் பறவைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2014ல் வந்தது. ஆனால் அது செல்போன் அலைவரிசை இல்லை, அதைவிட மிகக் குறைந்த, ஏ.எம். ரேடியோப் பக்கத்து அலைவரிசை. எங்கள் பக்கத்தில் நெடுஞ்சாலை ஓரமெல்லாம் டவர்தான், பனிக்காலம் வந்தால் பூநாரைகள் ஏரியில் இறங்கத்தான் செய்கின்றன. நேலப்பட்டுக் குளத்தில் கூழைக்கடாக்கள் கூடு கட்டத்தான் செய்கின்றன. ஏரியில் தண்ணீர் வற்றுவதும் கழிவு கலப்பதும் அவற்றுக்கு டவரைவிட நிஜமான வில்லன்கள். அதை வைத்து யாரும் முன்னூறு அடி ராட்சதப் பறவையை கிராஃபிக்ஸில் செய்ய மாட்டார்கள், அவ்வளவுதான்.

இதெல்லாம் தெரிந்தும் அந்தப் படத்தின் 'புள்ளினங்காள்' பாட்டு கேட்டால் நான் பக்‌ஷிராஜன் கட்சிக்குப் போய்விடுகிறேன். நா. முத்துக்குமார் எழுதியது. பாடியவர்களில் ஒருவர் பம்பா பாக்யா. இரண்டு பேரும் இன்று இல்லை. அந்த அடிக்குரல் மெல்ல ஆரம்பித்து மேலே விரிகிற இடம் ஒன்று போதும், படத்தின் அத்தனை கோடி கிராஃபிக்ஸும் அதற்குப் பிறகுதான்.

'கல்கி 2898 ஏடி' பார்க்கலாமா?

பெரிய திரையில் என்றால் கண்டிப்பாக. முதல் பாதி மெதுவாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். அமிதாப் பச்சன் அஸ்வத்தாமாவாக எழுந்து நின்ற பிறகு காசு வசூலாகிவிடும். கதாநாயகன் ஓட்டுகிற, பேசும் 'புஜ்ஜி' வண்டி வெறும் கிராஃபிக்ஸ் இல்லை, ஓட்டக்கூடிய நிஜ வண்டியாகவே மஹிந்திராவும் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து செய்தது. அதற்குக் குரல் கீர்த்தி சுரேஷ். இசை நம் சந்தோஷ் நாராயணன். ஆனால் படம் முடிந்து வெளியே வந்தால் ஒரு மெட்டுகூட வாயில் நிற்கவில்லை. இந்த ஊரில் தெலுங்குக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள்.

குழந்தைகளோடு பார்க்க?

'அயலான்' (2024). பூம்பாறை விவசாயி, வேற்றுக்கிரக நண்பன், சித்தார்த் குரல். வேற்றுக்கிரகவாசியைச் சென்னை பேண்டம் எஃப்எக்ஸ் நிறுவனம் செய்திருக்கிற விதத்தில் குறை சொல்ல முடியாது. கதை பெரியவர்களுக்குப் பழசு, பிள்ளைகளுக்குப் புதுசு. 'டிக் டிக் டிக்' (2018) படத்தில் எண்ணூரில் விண்கல் விழும். இங்கிருந்து ரயிலில் போகிற தூரம் என்பதால் எங்கள் பிள்ளைகளுக்குத் தனி ஆர்வம். விண்வெளிக் காட்சிகளின் லாஜிக்கைத் தோண்டாதீர்கள். ஆனால் டி. இமானுக்கு நூறாவது படமான அதில் 'குறும்பா' பாட்டு, அப்பா மகனுக்குப் பாடுவது, படத்தையே மறந்த பிறகும் நிற்கிறது.

மலையாளத்துக்காரர்கள் எப்படிக் குறைந்த செலவில் சாதிக்கிறார்கள்?

ஊரை விட்டு வெளியே போகாமல் இருப்பதால். 'ஆண்ட்ராய்டு குஞ்ஞப்பன்' (2019) படத்தில் ரோபோ போய்ச் சேருவது பய்யன்னூரில் ஒரு முரட்டுக் கிழவர் வீட்டுக்கு. அதைத் தமிழில் 'கூகுள் குட்டப்பா' (2022) என்று எடுத்தார்கள், அசலைப் பாருங்கள். 'மின்னல் முரளி' (2021) படத்தில் மின்னல் தாக்குவது ஒரு தையல்காரரையும் ஊரே ஒதுக்கிவைத்த ஒரு டீக்கடை ஆளையும். அந்த ஷிபு வேடத்தில் நம் குரு சோமசுந்தரம் நடித்ததைப் பார்த்த பிறகு வில்லன் என்று சொல்ல வாய் வரவில்லை. 'ககனச்சாரி' (2024) இன்னும் தைரியம்: எதிர்காலக் கேரளாவை ஒரு ஃபிளாட்டுக்குள்ளேயே காட்டிவிட்டார்கள். எல்லாருக்கும் பிடிக்காது, எனக்குப் பிடித்தது.

பழைய படங்களில் இன்றைக்கும் பார்க்கிற மாதிரி எது?

இரண்டு சொல்கிறேன். ஒன்று 'ஆதித்யா 369' (1991), சிங்கீதம் சீனிவாச ராவ் எடுத்த தெலுங்குப் படம், தமிழில் 'அபூர்வ சக்தி 369' என்று வந்தது. டைம் மெஷின் முதலில் கிருஷ்ணதேவராயர் காலத்துக்குப் போகும், பிறகு 2504க்கு. எதிர்காலக் காட்சிகளின் செட்டைப் பார்த்தால் இன்றைய பையன்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இளையராஜாவின் இசைக்கு வயசே ஆகவில்லை. விஜயநகரக் காட்சிகளுக்கு ஒரு விதம், எதிர்காலத்துக்கு வேறு விதம் என்று அவர் பிரித்து வைத்திருப்பதைக் கேட்டாலே எந்தக் காலத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். கிராஃபிக்ஸ் ஐந்து வருஷத்தில் வெளுத்துவிடும், நல்ல பின்னணி இசை அப்படி வெளுப்பதில்லை. இந்த வகைப் படங்களை நான் காதால் மார்க் போடுவதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்று 'கலை அரசி' (1963). எம்.ஜி.ஆர்., பானுமதி, இயக்கம் ஏ. காசிலிங்கம். கதையைக் கேளுங்கள்: வேறு கிரகத்துக்காரர்களிடம் அறிவியல் இருக்கிறது, கலை இல்லை. பூமிக்கு வந்து பாட்டுக்காரி பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், தங்கள் ஜனங்களுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்க! மற்ற நாட்டு வேற்றுக்கிரகவாசிகள் தண்ணீருக்கும் தாதுப்பொருளுக்கும் பூமிக்கு வருவார்கள். தமிழ்ப் படத்தில் வந்தவர்கள் பாட்டு வாத்தியாருக்கு வந்தார்கள். இப்போதைய டைரக்டர்கள் யாராவது இதைத் திரும்ப எடுத்தால் தேவலை. பானுமதி இடத்தில் யாரைப் போடுவது என்று கடையில் ஒரு தடவை பேச்சு வந்து, அது நேராக தீ, சின்மயி சண்டையில் போய் முடிந்தது.

வீட்டில் ஓடிடியில் பார்க்கும்போது வசனம் கேட்கவில்லை, சண்டை வந்தால் காது கிழிகிறது. ஸ்பீக்கர் ரிப்பேரா?

ரிப்பேருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதற்காகத்தான் செட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ரிப்பேர் ஒன்றும் இல்லை. படத்தின் ஒலி தியேட்டருக்கென்று 5.1ல், அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு வூஃபருக்கும் பிரித்து, கலந்தது. அதில் வசனம் நடு ஸ்பீக்கருக்குப் போகும். உங்கள் வீட்டில் நடு ஸ்பீக்கர் இல்லை, டி.வி.யின் இரண்டு ஸ்பீக்கர்தான். அதில் எல்லாவற்றையும் அடைக்கும்போது வசனம் அமுங்கிப்போகிறது. முதலில் படம் ஓடும்போது ஆடியோ மெனுவில் 5.1க்குப் பதிலாக ஸ்டீரியோ என்று இருந்தால் அதை எடுங்கள். இல்லையென்றால் டி.வி. செட்டிங்கில் டிஜிட்டல் ஆடியோ அவுட்புட்டை பி.சி.எம். என்று மாற்றுங்கள். 'நைட் மோட்' இருந்தால் போடுங்கள், சத்தத்தின் மேடு பள்ளத்தை அது குறைக்கும். டி.வி.யைச் சுவரோடு ஒட்டி மாட்டியிருந்தால் அதன் ஸ்பீக்கர் சுவரைப் பார்த்துத்தான் பேசும், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. மலிவு சவுண்ட்பார் வாங்குவதற்குப் பதில் அதே காசுக்குப் பழைய ஸ்டீரியோ ஆம்ப் ஒன்றும் இரண்டு நல்ல ஸ்பீக்கரும் போட்டால் பாட்டுக்கும் ஆச்சு, படத்துக்கும் ஆச்சு. இத்தனையும் செய்து பார்த்தும் சரியாகவில்லை என்றால் எடுத்துக்கொண்டு வாருங்கள். திங்கட்கிழமை கடை கிடையாது, ராக்கெட் விடுகிற அன்றைக்கு மாடியில் இருப்பேன், கீழேயிருந்து கூப்பிட்டால் போதும்.